பதினைந்து நிமிடத் தண்ணீர்

மண்டபம் வடகரையில் எங்கள் கொட்டகை.
ஆறு பேர் வாடகை, ஒரு கூரை.
பாறையில் மோதிப் பிளந்த வத்தைகளைக்
கவிழ்த்துப் போட்டு
கண்ணாடி நார் விரித்து, பிசின் தடவி
மறுபடி கடலுக்கு அனுப்புகிறோம்.

பிசினை இறுக வைக்கும் திரவம்
வெள்ளைப் புட்டியில் வரும்.
பார்த்தால் பச்சைத் தண்ணீர்.
போன ஆடியில் அதில் ஒரு துளி
சந்தியாகுவின் வலக்கண்ணில்.
கிணற்று நீரை ஊற்றினோம். உப்பு. கத்தினான்.
டீக்கடைக்கு ஓடினேன்,
குடத்தின் அடியில் ஒரு செம்புதான் இருந்தது.
இராமநாதபுரம் போய்ச் சேர்வதற்குள்
வழியில் ரயில்வே கேட் வேறு.
இன்றைக்கு அவன் நிலாவை
ஒன்றரையாகப் பார்க்கிறான்.

அதனால் வாங்கினோம்:
எழுபத்தைந்து லிட்டர்த் தொட்டி,
கண்ணுக்கொன்றாய் இரண்டு வாய்,
காலால் மிதித்தால் பதினைந்து நிமிடம் நிற்காமல் பொங்கும்.
ஆளுக்கு ஆயிரத்து நூறு.
நம்புராசன் மட்டும் மூன்று தவணை.

குடம் பன்னிரண்டு ரூபாய் விற்கிற ஊரில்
ஐந்து குடம் நல்ல தண்ணீர்
யாரும் தொடாமல் சும்மா நிற்பதா என்று
அவன் கேட்டதில் தப்பில்லை.
சந்தியாகு பதில் சொல்லாமல்
வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான்.

எங்கே வைப்பது?
வாசலோரம் என்றார்கள்.
கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்ப்போம் என்றேன்.
கலக்கும் மேசையிலிருந்து, துண்டைக் கட்டி, ஒவ்வொருவராக.
நம்புராசன் வத்தையில் முழங்காலை இடித்தான்.
சீனி இபுராகிம் சுவரைத் தடவித் தடவி
வெளியே மணலுக்கே போய்விட்டார்.
சிரித்துக்கொண்டிருந்தோம்.
சந்தியாகு துண்டை வாங்கியதும் சிரிப்பு நின்றது.
அவன் கைகளை முன்னால் நீட்டவில்லை.
ஒன்பது எட்டு வைத்தான்.
"இங்க" என்றான்.
நிலைக்காலை அங்கேதான் நட்டோம்.
வத்தைகள் அன்றிலிருந்து வடக்கே ஒதுங்கிப் படுக்கின்றன.

ஊதா நிறக் கோபால்ட்டும் வெள்ளைப் புட்டியும்
சக்களத்திகள்.
பிசின் நடுவில் இருந்தால் குடும்பம் நடத்தும்,
நேருக்கு நேர் சந்தித்தால் கூரை மிஞ்சாது.
ஆளுக்கொரு அலமாரி, ஆளுக்கொரு சுவர்.

மூச்சு முகமூடி ஆறு.
பெயர்களை என் நகப்பூச்சால் எழுதினேன்.
அசிட்டோன் ஒரே வாரத்தில்
எல்லாரையும் அழித்துவிட்டது.
இப்போது பட்டையில் கத்தி வெட்டு:
ஒன்று சந்தியாகு, இரண்டு இபுராகிம்,
ஆறு வெட்டு நான்.
இருட்டிலும் விரல் படிக்கும்.

இபுராகிமின் தாடியில் முகமூடி ஒட்டவில்லை.
எடுங்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை,
எடுக்கிறேன் என்று அவரும் சொல்லவில்லை.
வெளியே உட்கார்ந்து மரச்சட்டம் அறுக்கிறார்.
தாடியோடு போடுகிற வகை நாலு மடங்கு விலையாம்.
பழைய பிசின் டப்பாவை உண்டியலாக்கி
மூடியில் ஓட்டை போட்டிருக்கிறோம்.

காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் பற்றிப் பேச வேண்டாம்.
வாடையில் நன்றாய்த்தான் இருந்தது.
கச்சான் பிறந்ததும்
எங்கள் நாற்றத்தை எங்கள் முகத்துக்கே ஊதுகிறது.
அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

வெள்ளிதோறும் பழைய நீரை இறக்கிப் புதிது நிரப்புவேன்.
கருவாட்டுக் களத்திலிருந்து களஞ்சியம்
சரியாக அன்றைக்கு இரண்டு குடத்தோடு வருகிறாள்.
யாரும் கூப்பிடவில்லை.
துணி அலசத்தான், குடிக்க இல்லை என்று
இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.
நிரம்பும் தொட்டியைக் காட்டி
"அப்ப அது யாருக்குள்ள தண்ணி?" என்றாள்.
இன்னும் யாருக்கும் இல்லை என்றேன்.
"யாருக்கும் இல்லாமலே போகட்டும்"
இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று, போனாள்.

போன புதன்கிழமை
தொட்டியில் நாலு விரல் குறைந்திருந்தது.
அடுப்பு சூடாக இருந்தது, இஞ்சி வாசம்.
நோட்டில் அளவை எழுதினேன், பெயரை எழுதவில்லை.
மாலையில் நம்புராசன்
மூன்றாம் தவணையைக் கொண்டுவந்து வைத்தான்,
மேலே பன்னிரண்டு ரூபாய் சில்லறை.